முழு வேகத்தில் நின்ற அடுக்குமாடி

போட்டியில் தோற்ற ஒருவர் எழுந்து நின்று, சோதனையே சரியில்லை என்று சொன்னால் நீங்கள் காது கொடுத்துக் கேட்பீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். கேட்க மாட்டீர்கள். தோற்ற கடுப்பில் பேசுவதாக நினைத்து அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியரும் அப்படித்தான் போனார். கேள்வி கேட்பதே மனிதனுக்கு அழகு என்று தொண்டை வறள வறளப் பாடம் நடத்தி வந்தவர் அவர்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘நிரூபி’. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வந்து விழும். மழை வரும் போலிருக்கிறது சார் என்றால், நிரூபி. வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போகட்டுமா என்றாலும் நிரூபிதான். அப்புறம் சிரித்துவிட்டு அனுப்பி வைப்பார். ஒரு சமயம் உடற்பயிற்சி ஆசிரியர் கையில் ஒரு காந்த வளையத்தை மாட்டிக்கொண்டு வந்து, பல நாள் தோள்வலி பறந்தே போய்விட்டது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நிரூபி சார் அவர் கண்ணைக் கட்டினார். காந்த வளையத்தையும் வெறும் இரும்பு வளையத்தையும் மாற்றி மாற்றி மாட்டி, எதைப் போட்டால் சுகமாக இருக்கிறது என்று கேட்டார். அந்த மனிதர் வெறும் இரும்பைத்தான் மெச்சினார். ஆசிரியர் அறை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் அவரோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். நிரூபி சாருக்கு அது உறைக்கவே இல்லை. உண்மை ஜெயித்துவிட்டது, டீ போனால் போகட்டும் என்று இருந்தார்.

நியாயத்துக்காகவும் முன்னே நிற்கிற ஆள்தான். அவர் அந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் மட்டுமே லேபில் கருவிகளைத் தொடலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் சுவரோரம் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். கை படாத பாடம் மண்டையில் ஏறாது என்று சண்டை போட்டு அந்த வழக்கத்தை ஒழித்தவர் இவர்.

அவருடைய வகுப்பில் தபால்காரர் மகள் ஒருத்தி படித்தாள். பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டை. அந்தக் காலுக்கு மட்டும் அடிப்பாகம் தடித்த ஷூ. லேப் மாடியில் இருந்ததால் ஏறும்போதும் இறங்கும்போதும் அவள்தான் கடைசி. பையன்கள் அவளுக்கு ‘நத்தை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒருநாள் சாரின் காதில் விழுந்தது. பாடத்தை அப்படியே நிறுத்தினார். ஒருத்தருடைய காலைப் பார்த்துப் பெயர் வைக்கிறவனுக்குத் தலையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் என்றார். கத்தவில்லை; அடங்கிய குரலில்தான் சொன்னார். அதோடு அந்தச் சொல் அந்த வகுப்பில் செத்தது. தபால்காரர் மகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உயர்த்திக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்டவர்தான் அந்த ஆண்டு நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடுகள் என்று ஒரு சோதனையை அறிவித்தார். குழு குழுவாகப் பிரிந்து, ஐஸ் குச்சியும் அட்டையும் பசையும் கொண்டு மாதிரி வீடு கட்ட வேண்டும். வீட்டில் ஆட்களும் சாமான்களும் இருப்பார்கள் அல்லவா, அந்தப் பாரத்துக்காக மாடிக்கு ஓர் உருண்டை களிமண். எல்லா வீட்டையும் ஆட்டிப் பார்க்க அவரே ஒரு பலகை செய்தார். கீழே சைக்கிள் பால்ரஸ் குண்டுகள், மேலே ஒட்டுப்பலகை, பக்கத்தில் அவர் மனைவியின் பழைய தையல் மெஷின் மோட்டார். மோட்டார் சுற்றினால் ஒரு கம்பி பலகையை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். மோட்டாரோடு வந்த கால் மிதியை அழுத்த அழுத்த வேகம் கூடும். நிற்கிற வீடுகளில் சிறந்தது, அடுத்த வாரம் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து நடக்கும் கண்காட்சிக்குப் போகும்.

கரும்பலகையில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதினார்: முழு வேகத்தைத் தாங்கும் வீடு எந்த வேகத்தையும் தாங்கும்.

பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது? ஒரு கயிறு பெரிய பாரத்தைத் தாங்கினால் சின்னப் பாரத்தையும் தாங்கத்தானே செய்யும். ஆட்டமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் நிரூபி, நிரூபி என்றவர் இந்த ஒரு வரியிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. தன் கையெழுத்தில் இருந்த வரி அல்லவா.

சோதனை நாளன்று லேப் நிரம்பி வழிந்தது. தலைமை ஆசிரியைகூடக் கதவோரம் வந்து நின்றார். தபால்காரர் மகளின் குழு கட்டியது இரண்டு மாடி வீடு. அகலமான அடி, குட்டையான உடம்பு. சார் மற்ற வீடுகளுக்குச் செய்தது போலவே ஒரே மிதியில் முழு வேகத்துக்குப் போனார். வீடு பல் நடுங்குவதுபோல நடுங்கி, மூலைகள் விட்டு, கொத்தாக உதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் மகனின் குழு கட்டியது ஆறு மாடி. ஒல்லிக் கால்கள், பார்த்தாலே பயமாக இருக்கும் உயரம். அதற்கும் ஒரே மிதி. அடிப்பலகை அதிர்ந்து கிடுகிடுக்கிறது, மேல்மாடியோ படத்தில் வரைந்து வைத்தது போல அப்படியே நிற்கிறது. வகுப்பு கைதட்டியது. தலைமை ஆசிரியையும் தட்டினார். சார் மிதியிலிருந்து காலை எடுத்தார். மோட்டார் இளைத்து இளைத்து நின்றது.

கைதட்டல் அடங்குவதற்குள் தபால்காரர் மகள் எழுந்தாள்.

“சார், நிக்கும்போது ஆடுச்சு.”

“எது?”

“மோட்டார் நிக்கப் போகும்போது. மேல்மாடி பெருசா ஆடுச்சு. எல்லாரும் கைதட்டிட்டு இருந்தாங்க, பாக்கல. மெதுவா ஆட்டிப் பாக்கலாமா சார்?”

அவள் வீடு அப்போதுதான் உதிர்ந்திருந்தது. துண்டுகள் அவள் கையிலேயே இருந்தன. வாசலில் தலைமை ஆசிரியை சிரித்த முகத்தோடு நிற்கிறார். கைதட்டலின் சூடு சாரின் காதில் இன்னும் இருக்கிறது. இதெல்லாம் காரணங்கள், எதுவும் நியாயம் ஆகாது. அவர் சொன்னார்:

“நிலநடுக்கம் என்ன, உன்னை மாதிரி மெதுவா நடந்தா வரும்?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. ஒரு வருடமாக அவரே மூடி போட்டு வைத்திருந்தது. மூடியை எடுத்தவரும் அவரே. அவள் உட்கார்ந்து, தன் வீட்டின் துண்டுகளைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள். மணி அடித்தது. எல்லோரும் தடதடவென்று இறங்கிப் போனார்கள். படிக்கட்டின் வளைவிலிருந்து ஒரு பையனின் குரல் மேலே வந்தது: “வழி விடுங்கடா, நத்தை வருது.”

சார் கையில் சாக்பீஸோடு நின்றார். அவளுடைய காலைச் சொல்லவில்லை, இழுத்து இழுத்துப் பேசும் பேச்சைத்தான் சொன்னேன் என்று தனக்கே ஒரு விளக்கம் கொடுத்துப் பார்த்தார். அந்த விளக்கத்தை ஒரு மாணவன் கொண்டு வந்திருந்தால், நிரூபி என்று சொல்லி அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்.

பள்ளி விட்டபின் லேப் கதவைச் சாத்தினார். ஏன் சாத்த வேண்டும்? என்ன நடக்கும் என்று மனதுக்குள் தெரிந்துவிட்டது, அதனால்தான். ஆறு மாடி வீட்டைப் பலகையில் வைத்து, மிதியைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினார். பலகை சோம்பலாக முன்னும் பின்னும் போயிற்று. வீடு சும்மா இருந்தது. இன்னும் ஒரு பொட்டு அழுத்தினார். ஏதோ ஒரு வேகத்தில் மேல்மாடி தலையாட்ட ஆரம்பித்தது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தைய ஆட்டத்தின் முதுகில் ஏறிக்கொண்டது. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தைகூடப் பெரிய ஆளை உயரத்துக்கு அனுப்பிவிடும். கண்டபடி வேகமாகத் தள்ளினால் ஊஞ்சல் நின்ற இடத்திலேயே உதறும். இதே அறையில், இன்னொரு பாடத்தில், ஆண்டு தவறாமல் அவர் நடத்துகிற பாடம் இது. ஆறு மாடியும் கீழ்த்தளத்துக் கால்கள் மடங்கிக் குப்புற விழுந்தது.

அவள் சொன்னது சரி. முழு வேகத்தில் நின்றது வீட்டின் பலமே இல்லை; அந்த வேகம் உயரமான வீட்டின் ஆட்டத்தோடு ஒத்துப்போகவில்லை, குட்டை வீட்டின் ஆட்டத்தோடு ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

இங்கேயே அவர் கீழே இறங்கிப் போய், மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வராது. அவர் பசை டப்பாவை எடுத்தார். நான் உடைத்ததை நானே ஒட்டி வைக்க வேண்டாமா என்று முதலில் தோன்றியது. கால்களை நிமிர்த்தி ஒட்டினார். கை அதோடு நிற்கவில்லை. கீழ் இரண்டு மாடிகளில், மூலைக்கு மூலை குறுக்காகக் குச்சி வைத்து ஒட்டியது. பசை பிடித்ததும் பழைய அதே வேகத்தில் ஆட்டிப் பார்த்தார். நின்றது. அப்பாடா என்றிருந்தது. நாளைக்கு அந்தப் பெண்ணின் கேள்வியை மதித்தது மாதிரியும் ஆயிற்று, அடுக்குமாடி கண்காட்சிக்குப் போனது மாதிரியும் ஆயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும் பொய்தான் இருக்கிற பொய்களிலேயே வழவழப்பானது. தொண்டையில் சிக்காமல் இறங்கும்.

வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்தார். விரலெல்லாம் என்ன பசை என்று நிமிராமலே கேட்டார். மனைவியிடம் மறைக்கத் தெரியாதவர், ஒன்றுவிடாமல் சொன்னார். பெண்ணின் கேள்வி, தான் அடித்த கிண்டல், விழுந்த வீடு, குறுக்குக் குச்சி. மெஷின் நின்றது.

“அப்போ அந்தப் பொண்ணு சொன்னது சரி.”

“சரிதான்.”

“அதை நாளைக்குச் சொல்லப் போறீங்களா?”

அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டீங்க. குச்சி வச்சு முட்டுக் கொடுத்தது மாடிக்கு இல்லங்க, உங்க மூஞ்சிக்கு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மேலும் சொன்னார்: “வளையம் போட்டாரே, அந்த மனுசனை என்ன பாடு படுத்துனீங்க. அவரு பாவம், நம்பி ஏமாந்தாரு. நீங்க தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க.”

மனைவி சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு மனிதன் தான் செய்யக் கூடாததை அறிந்துகொண்டே மறுநாள் அதைச் செய்யப் போக முடியும். போனார்.

காலை வகுப்பில், நேற்று ஒருத்தர் ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க என்று ஆரம்பித்தார். ‘நல்ல’ என்ற சொல்லைச் சொல்லும்போது குரல் லேசாக வழுக்கியது. மிதியை மெதுவாக அழுத்தினார். அடுக்குமாடி கிணற்றுக்கல் போல அசையாமல் நின்றது. மெதுவாகவும் தாங்குகிறது பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, தபால்காரர் மகள் பக்கம் திரும்பி, இப்போ சமாதானமா என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அடுக்குமாடியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் மகன் பெருமை பொங்கத் தன் வீட்டை எடுத்துவர எழுந்து போனான். குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

“சார், இது நாங்க வச்ச குச்சி இல்ல.”

யாருக்கும் புரியவில்லை. அவன் விரலால் தொட்டுக் காட்டினான். கீழ் இரண்டு மாடியில் குறுக்குக் குச்சி இருக்கிறது, நாங்கள் வைக்கவில்லை, கெட்டியாகப் போட்ட இடத்தில் பசை இன்னும் காயாமல் வெள்ளையாக இருக்கிறது என்றான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு லாபம். ஆனால் அது அவன் இரவும் பகலும் கட்டிய வீடு. அதில் வேறொருவர் கை பட்டது அவனுக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தான்.

“யாரு கை வச்சது?”

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: “நேத்து அவதானே கடைசியா இறங்குனா.”

எல்லாத் தலைகளும் தபால்காரர் மகள் பக்கம் திரும்பின. அவள் எல்லா நாளும்தான் கடைசியாக இறங்குகிறாள். நேற்றுவரை கேலிக்குக் காரணமாக இருந்த கால், இன்று குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. தோற்றவள், கடுப்பில் இருப்பவள், கடைசியாகப் போனவள். இவ்வளவு இருந்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க உலகத்தில் எங்குமே வேறு எதையும் தேடுவதில்லை.

சார் அந்த நொடியே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கூட்டம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் தன்னைப் பார்க்காது என்று அவருக்குள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை நினைத்து நினைத்துக் குறுகியது கிண்டலை எண்ணி அல்ல, குச்சியை எண்ணியும் அல்ல. இந்த ஒரு மௌனத்தை எண்ணித்தான்.

அவள் எழுந்து நின்றாள். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக வந்தன.

“நான் தொடல. தொட்டிருந்தா குறுக்குக் குச்சி வைப்பேனா? அது வச்சா மெதுவா ஆட்டும்போது விழாது. விழும்னு சொன்னதே நான்தான். நான் எதுக்கு விழாமப் பண்ணணும்?”

அன்று அந்த லேபில் நடந்த ஒரே ஒழுங்கான நிரூபணம் அதுதான். குற்றம் சாட்டப்பட்டவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

“நான்தான் வச்சேன்,” என்றார் சார்.

எல்லோரும் திரும்பினார்கள். நேற்றுச் சாயங்காலம் மெதுவாக ஆட்டிப் பார்த்ததையும், வீடு விழுந்ததையும், எடுத்து ஒட்டியதையும், குச்சி வைத்ததையும் சொன்னார். கரும்பலகையில் எழுதிய வரி தப்பு என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மருந்துக்கடைக்காரர் மகன் தன் வீட்டையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தான். வளர்ந்த மனிதர் ஒருவர் அசிங்கப்பட்டு நிற்பதைத் தவறிப் பார்த்துவிட்ட பிள்ளையின் முகம் அவனுக்கு.

சார் தபால்காரர் மகளிடம், உன் நடையைப் பத்தி நான் நேத்து சொன்னது என்று தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை.

“பரவாயில்ல சார்,” என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். பஸ்ஸில் காலை மிதித்தவருக்கும், வரிசையில் இடித்தவருக்கும், பட்டப்பெயர் வைத்தவருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பரவாயில்லை அது. அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

மருந்துக்கடைக்காரர் மகன் பிளேடால் குறுக்குக் குச்சிகளை அறுத்தெடுத்தான். மிதி அவளிடம் போயிற்று. அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கையால் அழுத்தினாள். நிதானமாக, ஒவ்வொரு வேகத்திலும் சற்று நேரம் நிறுத்தி, மேலே பார்த்து, அப்புறம் கொஞ்சம் கூட்டி. வீடு தலையாட்டத் தொடங்கிய வேகம் வந்ததும் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். அடுக்குமாடி எல்லார் கண்முன்னும் மடங்கியது. இம்முறை யாரும் கைதட்டவில்லை. பையன்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

விழுந்த வீட்டையே கண்காட்சிக்கு அனுப்பலாம், அதுதான் உண்மையான பாடம் என்று சார் தலைமை ஆசிரியையிடம் மன்றாடினார். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுக்கவா என்று அவர் கேட்டார். கைதட்டல் வாங்கிய வீட்டுக்குக் கிடைக்கிற பெயர் உடைந்த வீட்டுக்குக் கிடைப்பதில்லை. வேறொரு வகுப்பின் செடித்தொட்டிகள் கண்காட்சிக்குப் போயின.

அடுத்த கல்வியாண்டில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது தபால்காரர் மகள் கணக்குப் பதிவியல் எடுத்தாள். பள்ளிக்குத் தபால் கொண்டுவந்த அவள் அப்பாதான் இதைச் சொன்னார். அறிவியல் ஏன் எடுக்கவில்லை என்று சார் கேட்டார்.

“லேப் மாடியில இருக்காம் சார். ஏறி இறங்க சிரமம்னு சொன்னா. நானும் விட்டுட்டேன்.”

அது காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எந்தப் பலகையில் வைத்து எந்த வேகத்தில் ஆட்டினாலும் அது அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. படிக்கட்டில் அவள் இத்தனை ஆண்டுகளாகத் திணறுவதைத் தினமும் பார்த்தவர், கேலி செய்யாதே என்று வகுப்பைத் திட்டியவர், லேபைக் கீழே கொண்டு வந்தால் என்ன என்று ஒருநாளும் நினைக்கவில்லை. பேச்சில் நியாயம் செய்து முடித்த திருப்தியில், படிக்கட்டு அவர் கண்ணில் படவே இல்லை. அந்த ஆண்டே அலையாய் அலைந்து, கீழ்த்தளத்தில் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து லேபை அங்கே மாற்றினார். இப்போது அவள் தினமும் அந்தக் கதவைக் கடந்துதான் தன் வகுப்புக்குப் போகிறாள். வணக்கம் சார் என்கிறாள். உள்ளே வருவதில்லை. அவரும் கதவு வரைக்கும் வந்து, வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார். அன்றைக்கு அவள் வேறு என்னவெல்லாம் கவனித்தாள், இன்னும் என்ன கேட்க நினைத்தாள் என்று இன்றுவரை அவர் அவளிடம் கேட்கவில்லை. கேட்கும் துணிச்சல் வரவில்லை.

உங்களுக்கு வரட்டும். வகுப்பிலோ, வேலை செய்யும் இடத்திலோ, சொந்த வீட்டுக் கூடத்திலோ, நீங்கள் ஒரு கிண்டலால் உட்கார வைத்த ஒருவர் இருப்பார். அவர் முகம் இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அவரிடம் போங்கள். மன்னிப்பைக் கையில் கொடுத்துவிட்டுத் தப்பி வந்துவிடாதீர்கள். பரவாயில்லை என்று சொல்லிப் பழகியவர் அதையேதான் உங்களுக்கும் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.